பெரியப்பாவின் பிளேட்லெட் கணக்கு

மார்கழி மழை தொடங்கினால் எங்கள் லாப்பில் ஊதா மூடி டியூப்புகள் குவியத் தொடங்கிவிடும். காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் குடையோடு ஆட்கள் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு மிஸ்?" ஹீமோகுளோபினைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. திருகோணமலையில் மீன் விற்கிறவரும் ஓட்டோ ஓடுகிறவரும் சரளமாகச் சொல்லும் மருத்துவச் சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ரத்தம் உறைய உதவும் அதைப் பள்ளிக்கூடத்தில் குருதிச் சிறுதட்டு என்று பாடமாக்கியதை எல்லாரும் மறந்துவிட்டோம்.

காரணம் டெங்கு. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் அது பரவிய விதத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அன்றிலிருந்து இங்கே பிளேட்லெட் குறைந்தால் டெங்கு, டெங்கு என்றால் பப்பாசி இலைச் சாறு. எந்த வீட்டுப் பப்பாசி மரம் மொட்டையாக நிற்கிறது என்று பார்த்தே எங்கே காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

நானும் அப்படித்தான் நினைத்துப் பழகியிருந்தேன். பதினான்கு வருடம் லாப்பில் வேலை செய்தவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். இதை எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கும் அந்த வெட்கம்தான் காரணம்.

என் பெரியப்பா திருக்கடலூர்க்காரர். அப்போது 64 வயது. இளமையில் கடலுக்குப் போனவர். பிறகு வள்ளத்தை மகனிடம் கொடுத்துவிட்டுக் கரையில் இருந்து வலை பொத்துவார். நான் பார்த்த நாள் முதல் அவருடைய இடது கன்னம் உப்பியே இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பல்லுத் தீட்டும்போது மட்டும்தான் அந்தக் கன்னத்துக்கு லீவு என்பார் பெரியம்மா.

ஒரு செவ்வாய்க்கிழமை, மழைக்குள் லாப்புக்கு வந்து நின்றார்.

"காய்ச்சலா பெரியப்பா?"

"காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தலையணையில ரத்தம் எண்டு உன்ர பெரியம்மாதான் கத்துறா."

வெற்றிலைச் சாறு வழியாத தலையணை உறை அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அதில் எது வெற்றிலை, எது ரத்தம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு பெரியம்மாவிடம் கேட்டேன். "நாப்பது வருசமாத் தோய்க்கிறவளுக்குத் தெரியாதா? வெத்திலைக் கறை காய்ஞ்சா மங்கும். இது காய்ஞ்சு துணியை விறைக்க வைச்சிட்டுது." எங்கள் குடும்பத்தில் முதல் சரியான நோய்நிர்ணயம் அதுதான், சவர்க்காரக் கையோடு செய்யப்பட்டது.

சாரத்தை முழங்கால் வரை தூக்கச் சொன்னேன். இரண்டு கணுக்காலுக்கு மேலும் சிவப்புப் பேனையால் குத்தியதுபோல் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். சொறியவில்லை, வலிக்கவில்லை. நுளம்புக் கடி என்று நினைத்திருக்கிறார். கண்ணாடி ஸ்லைட் ஒன்றை எடுத்து ஒரு புள்ளியின் மேல் அழுத்திப் பார்த்தேன். தோல் வெளுத்தது, புள்ளி வெளுக்கவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து நின்றால்தான் அப்படி இருக்கும்.

ரத்தம் எடுத்த இடத்தைப் பதினைந்து நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பாரை மீனின் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷின் தந்த கணக்கு: ஹீமோகுளோபின் 12.1. வெள்ளைக் கலம் 8,400. பிளேட்லெட் 11,000. சாதாரணமாக 150,000இலிருந்து 450,000 வரை இருக்க வேண்டியது.

மெஷினை நம்பவில்லை. சிலருடைய ரத்தத்தில், ஊதா டியூப்பில் உள்ள ஈடிடிஏ மருந்தே பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். மெஷின் கொத்தை ஒன்றென்று எண்ணும், அல்லது எண்ணாமலே விடும். ஆள் நல்ல சுகமாக இருப்பார், தாளில் மட்டும் சாகக் கிடப்பார். அதனால் நீல மூடி சிட்ரேட் டியூப்பில் இன்னொரு முறை எடுத்தேன். அதிலும் அதே கணக்கு. பிறகு ஃபில்ம் போட்டேன்.

ஃபில்ம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஸ்லைட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு. இன்னொரு ஸ்லைட்டைச் சரிவாகப் பிடித்து, சொட்டு அதன் விளிம்பு முழுக்கப் பரவும்வரை பொறுத்து, ஒரே இழுவை. நடுவில் தயங்கினால் வரி விழும். நல்ல ஃபில்ம் ஒரு நாக்கு வடிவில் வந்து, நுனியில் மெலிந்து முடியும். லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால், சிவப்புக் கலங்களுக்கு நடுவே ஊதாப் பொடி தூவினமாதிரிப் பிளேட்லெட்டுகள் கிடக்க வேண்டும், ஒரு பார்வை வட்டத்துக்குப் பத்துக்குக் குறையாமல். பெரியப்பாவின் ஃபில்மில் பத்து வட்டம் பார்த்தேன். மொத்தம் ஏழு. வட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. கொத்து எங்கேயும் கிடையாது. இருந்த ஏழில் இரண்டு மிகப் பெரியவை, சிவப்புக் கலத்தின் பருமன்.

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். பெரிய பிளேட்லெட் என்றால் இளசு, தொழிற்சாலையிலிருந்து அவசரமாக வெளியே அனுப்பப்பட்டது. அப்படியென்றால் தொழிற்சாலை, அதாவது எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சை, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளைக் கலமும் 8,400. டெங்கு என்றால் அது பெரும்பாலும் விழுந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, டெங்குவில் முதலில் வருவது காய்ச்சல். பிளேட்லெட் விழுவது மூன்று நான்கு நாள் கழித்து. காய்ச்சலே இல்லாத டெங்குவை நான் எங்கே கண்டேன்?

ஆனால் அது மார்கழி. வாசலில் முப்பது பேர். ரிப்போர்ட்டோடு டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. டெங்குவாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடியுங்கள், நாளைக்குத் திரும்பக் கவுண்ட் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 11,000ஐக் கண்டதும் வார்ட்டில் போட்டிருக்க வேண்டும். அவர் போடவில்லை, நானும் அடம்பிடிக்கவில்லை. டெங்குவைக் காட்டும் என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ் வந்தபோது, நாள் பிந்திப் போனால் அப்படி வரும்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு பப்பாசி இலைச் சாறு அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாயில் வைத்ததும் பெரியப்பா துள்ளி எழும்பிக் கத்தினாராம். கசப்புக்கு இவ்வளவு நடிப்பா என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கசப்புக்கல்ல, இடது கன்னத்துக்குள் எரிந்திருக்கிறது. ஏன் எரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக அங்கே ஒரு புண். அந்த நோவுக்கு அஸ்பிரின் கரைத்துக் குடித்து வந்திருக்கிறார், இருக்கிற கொஞ்சப் பிளேட்லெட்டையும் வேலைக்கு உதவாமல் செய்கிற மருந்து.

வியாழன் காலை மூக்கால் ரத்தம். உள்ளுதட்டில் கறுத்த ரத்தக் கொப்புளங்கள். தோலில் புள்ளி வந்தால் நாள் பார்க்கலாம், வாய்க்குள் கொப்புளம் வந்தால் மணித்தியாலம்கூடப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வார்ட்டில் இருந்த டொக்டர் இளம் பொடியன், என்னைவிட வயது குறைவு. "காய்ச்சல் எப்ப தொடங்கினது ஐயா?" என்று கேட்டார். "தொடங்கவே இல்லை, தம்பி." எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடி வைத்துவிட்டுப் பெரியப்பாவை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெளியே பெரியப்பாவின் மருமக்கள் நாலு பேர் ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். பிளேட்லெட் இல்லையென்றால் ஏற்றுங்கள், இது என்ன பெரிய விசயம் என்பது அவர்களுடைய வாதம். பெரிய டொக்டர் வந்து சொன்னார்: இவருக்குப் பிளேட்லெட் உற்பத்தி நின்றதாகத் தெரியவில்லை, உற்பத்தியானதை உடம்பே அழிக்கிறது. மற்றவர்களுடையதை ஏற்றினாலும் அதே கதிதான். சாதாரணமாக ஏழு முதல் பத்து நாள் உயிரோடிருக்கும் பிளேட்லெட், இப்படிப்பட்டவருக்குள் போனால் சில மணி நேரம் தாங்கினால் பெரிது. மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கசியத் தொடங்கினால் ஏற்றுவோம், அதுவரை பிரட்னிசோலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "என்ன சொல்லுறார்? தமிழில் சொல்லு."

டொக்டர் தமிழில்தான் சொன்னார். இருந்தாலும் இன்னொரு முறை சொன்னேன். உடம்புக்குள் கிருமியைப் பிடிக்க ஒரு படை இருக்கிறது பெரியப்பா. அது பிறபொருளெதிரி என்று ஒன்றை உண்டாக்கும். அது போய்க் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பார்த்து மண்ணீரலில் இருக்கிற கலங்கள் கிருமியைப் பிடித்துத் தின்னும். உங்களுக்கு அது கிருமியை விட்டுவிட்டு, சும்மா போகிற பிளேட்லெட்டில் ஒட்டுகிறது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தலையாட்டி" என்றார்.

இதைப் படிக்கிற இளசுகளுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்து ராணுவச் சுற்றிவளைப்புகளில் ஊரையே ஓரிடத்தில் இருத்தி, ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் காம்புக்குப் போக வேண்டியதுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பெரியப்பா ஒருமுறை அப்படி நடந்து வந்தவர். அவருக்குப் பின்னால் வந்த சிநேகிதருக்கு அந்தத் தலை ஆடியது. அதற்கு மேல் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

நான் கல்லூரியில் மூன்று வருடம் படித்த நோயெதிர்ப்பியலை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். மண்ணீரல்தான் காம்ப்.

இந்தத் தலையாட்டி ரத்தத்தின் திரவப் பகுதியில்தான் இருக்கிறான் என்பதைக் கண்டுபிடித்த கதையும் எனக்குப் பிடிக்கும். 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டொக்டர், இந்த நோயுள்ள ஒருவரின் ரத்தத்தில் அரை லீட்டரைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதலபாதாளத்துக்கு விழுந்தது, வலிப்பும் வந்தது. ஒரு கிழமைக்குள் தேறினார். 1951இல் அதைக் கட்டுரையாக எழுதினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அந்த விண்ணப்பத்தை மேசையிலிருந்து கையிலே எடுக்காது. பிளேட்லெட்டை உடம்பே அழிக்கிற இந்த நோயின் பெயர் ஐடிபி.

சரி, ஏன் வந்தது? சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வந்து தானாகப் போகும். பெரியவர்களுக்கு அனேகமாகக் காரணமே அகப்படாது. ஆனால் 64 வயதில் புதிதாக வந்தால் தேடிப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஹெபடைடிஸ், எச்ஐவி, தைரொய்ட், லூபஸ், வயிற்றுக் கிருமி என்று வரிசையாக நெகட்டிவ். ஸ்கானில் மண்ணீரல் சாதாரண அளவு.

கண்டுபிடித்தவர் பல் டொக்டர். ரத்தக் கொப்புளத்தைப் பார்க்க வந்த பெண்பிள்ளை. "வாயைத் திறங்க ஐயா" என்றார். திறந்தார். "இன்னும் திறங்க." அவ்வளவுதான் திறக்கும். இரண்டு விரல் அகலம். கொட்டைப்பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தின் உட்தோலை நாராக இறுக்கி வைத்திருந்தது. டோர்ச் அடித்து, கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு இடது கன்னத்தைத் தடவினார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு அதே விரல்கள் கழுத்தின் இடப்பக்கம் தாடைக்குக் கீழே வந்து, ஓரிடத்தில் நின்று, திரும்ப அதே இடத்துக்கு வந்தன.

என்னையும் பார்க்கச் சொன்னார். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு புண். நடுவே பள்ளம், விளிம்பு தடித்துச் சுருண்டு, பழைய வள்ளத்தின் விளிம்பில் தார் காய்ந்ததுபோல. ஆண்களுக்கு இந்த நாட்டில் மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இதெல்லாம் எங்கள் லாப் சுவரில் போஸ்டராக ஒட்டியிருக்கிறது. பெரியப்பா ரத்தம் கொடுக்கும்போது அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது பெரிய சிக்கல். புண்ணிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா என்று உறுதியாகும். பிளேட்லெட் 11,000 இருக்கிறவருக்கு வாய்க்குள் கத்தி வைக்க முடியாது. பிளேட்லெட் ஏன் விழுந்தது என்று தெரிய அந்தத் துண்டு வேண்டும். துண்டு எடுக்கப் பிளேட்லெட் வேண்டும். பிரட்னிசோலோன் வேலை செய்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். 5 மில்லிகிராம் குளிசை பன்னிரண்டு. தலையாட்டி தலையாட்டினாலும் காம்பில் இருக்கிறவன் தூங்கி வழிய வேண்டும், அதுதான் அந்த மருந்தின் வேலை. காம்ப் தூங்கியது, பெரியப்பா தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் பெட்ஷீட்டின் கிழிசலை நைலோன் நூலால் வலை முடிச்சுப் போட்டுப் பொத்தியிருக்கிறார். தாதி ஏசினார், பிறகு தன்னுடைய குடையையும் கொண்டுவந்து கொடுத்தார். பசி என்றால் பேய்ப் பசி. திறக்காத வாயோடு, எரிகிற கன்னத்தோடு, பெரியம்மா கொண்டுவந்த பால் கஞ்சியை மூன்று கோப்பை குடித்துவிட்டு "இன்னும் இருக்கா" என்று கேட்பார். ரத்தத்தில் சீனி 280க்கு ஏறியது.

பிளேட்லெட்டும் ஏறியது. 11,000. நான்காம் நாள் 26,000. ஒன்பதாம் நாள் 71,000. அந்தக் கிழமை பயொப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று இருந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "புத்துதானே, சொல்லு" என்றார்.

மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரவு ரயிலில், கல்லோயாச் சந்தியில் குளிரில் நின்று, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, 138 பஸ்ஸில் ஏறி. அந்தப் பயணத்தை எட்டுத் தடவை செய்திருப்போம், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அங்கே ரத்த நோய் டொக்டர் இடுப்பெலும்பில் ஊசி போட்டு என்பு மச்சை எடுத்துப் பார்த்தார். பிளேட்லெட்டை உண்டாக்கும் பெரிய கலங்கள் குறைவில்லாமல் இருந்தன, புற்றுக் கலம் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆகத் தொழிற்சாலையில் பிழையில்லை என்பது உறுதி.

கன்னத்துப் புண்ணுக்கும் பிளேட்லெட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான்தான் கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. புற்றுநோய்க்காரருக்குப் பிளேட்லெட் குறைந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் மருந்தாக இருக்கும், சிஸ்பிளாட்டின் போன்றவை. அல்லது கிருமித் தொற்று. இப்போது வந்திருக்கிற நோயெதிர்ப்பு மருந்துகள் இருக்கின்றன, பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப். அவை படையின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுவதால் அதுவும் சிலருக்கு இப்படிச் செய்யும். உங்கள் பெரியப்பாவுக்கோ ஒரு சொட்டு மருந்தும் ஏறுவதற்கு முன்பே விழுந்திருக்கிறது. புற்றுநோயோடு சேர்ந்து வரும் ஐடிபி நிணநீர்ப் புற்றுநோய்களில் தெரிந்த விசயம். வாய், தொண்டைப் புற்றுநோயோடு வருவது மிக அரிது. கட்டியைப் பார்த்துக் குழம்பிய படை பிளேட்லெட்டையும் அதே கண்ணோடு பார்த்திருக்கலாம், ஆனால் அது ஊகம். "கட்டியை எடுத்த பிறகு கவுண்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது சொல்லும்" என்றார்.

அதற்கிடையில் அது வேறொன்று சொன்னது. ஒப்பரேஷனுக்கு முன் காயம் ஆறுவதற்காகவும் சீனிக்காகவும் பிரட்னிசோலோனைக் குறைத்தார்கள். குறைத்துப் பத்து நாளில் 19,000. கணுக்காலில் திரும்பவும் சிவப்புப் பேனை.

இந்த முறை ஐவிஐஜி. ஆயிரக்கணக்கானோர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகள், கண்ணாடிப் போத்தலில். கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் இரண்டு நாள், மெதுவாக, சொட்டுச் சொட்டாக. வெளியே வாங்கினால் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. பெரியப்பா போத்தலைப் பார்த்து, "தலையாட்டி காணாதெண்டு இன்னும் ஆயிரம் தலையாட்டியை ஏத்துறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண்ணீரலில் நிற்கிற கலத்துக்கு இருப்பது இரண்டு கை என்று வையுங்கள். திடீரென்று சனம் திருவிழாவுக்குப் போல் நெருக்கினால் எவரைப் பிடிப்பது? கை நிறைந்து போகும், பிளேட்லெட் நைசாகக் கடந்துவிடும். "ஓ, செக் பொயின்ட்டில பெருநாள் கூட்டம்" என்றார். மூன்றாம் நாள் 112,000. பெரிய ஒப்பரேஷனுக்கு 50,000 போதும். நான்காம் நாள் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

இடது கன்னத்தின் உட்பக்கத்தையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, முன்கையிலிருந்து தோலை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு கணக்கு. ஒரு கிழமையில் 240,000. நான் துள்ளவில்லை, ஐவிஐஜியின் பலன் சில கிழமை நிற்கும், ஒப்பரேஷன் செய்த உடம்பிலும் பிளேட்லெட் தானாக ஏறும். மூன்றாம் கிழமை 198,000. பிரட்னிசோலோனைக் குறைத்தார்கள், 205,000. இன்னும் குறைத்தார்கள், 190,000. ரேடியேஷன் தொடங்கினது, கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 30. தொண்டை வெந்து, தண்ணீர் விழுங்கவும் அழுதார், பத்துக் கிலோ குறைந்தார். கவுண்ட் மட்டும் 150,000க்குக் கீழே போகவில்லை. அதற்குள் குளிசை முழுதாக நின்றிருந்தது. ஐவிஐஜி போட்டு மூன்று மாதமும் தாண்டியிருந்தது.

அதைக் காட்டியபோது டொக்டர், "சம்பந்தம் இருந்திருக்கிறது போலத்தான் தெரிகிறது" என்றார். அந்தப் "போல"வை அவர் விடவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியப்பாவின் இடது முன்கையில் சதுரமாக ஒரு தழும்பு. சொற்கள் கொஞ்சம் குழறும், புளி உறைப்பு ஆகாது. வெற்றிலைப் பெட்டி இன்னும் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன், என்னுடைய லாப் ரிப்போர்ட்டுகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறார், பாக்குவெட்டியைப் பாரத்துக்கு வைத்து. மாதம் ஒருமுறை வந்து கவுண்ட் பார்க்கிறார். கவுண்ட் விழுந்தால் கட்டி திரும்புகிறது என்று அர்த்தமாகலாம், ஆகாமலும் இருக்கலாம். கிளினிக்கில் கழுத்தைத் தடவிப் பார்ப்பதைத்தான் டொக்டர்மார் நம்புகிறார்கள். பெரியப்பா இதைத்தான் நம்புகிறார்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். 20,000க்குக் கீழே ஒரு கவுண்ட் வந்தால் தாளை ஆளிடம் கொடுத்து அனுப்புவதில்லை. "காய்ச்சல் எத்தனை நாள்?" என்று கேட்கிறேன். இல்லை என்று சொல்பவரின் வெள்ளைக் கலத்தைப் பார்க்கிறேன், ஃபில்மைப் பார்க்கிறேன், நானே வார்ட்டுக்குப் போன் பண்ணுகிறேன். வாயைத் திறந்து காட்டச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கன்னம் உப்பியிருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வந்தபோது, தன்னுடையதை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். மெஷின் 214,000 என்று சொல்லியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, நுணுக்குக்காட்டியில் வட்டத்தைச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார், வலைக் கண்ணுக்குள் பார்ப்பதுபோல.

"இந்தத் தூசிக்கா இவ்வளவு ஆட்டம்?"

"ஓம்."

வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நெடுநேரம். பிறகு நிமிர்ந்து, "பதினேழு" என்றார்.

குனிந்து பார்த்தேன். பதினான்கு. மற்ற மூன்றும் சாயக் கசடு.